பிரேசில் தரைப்படை: பழைய டாங்கும் ஆறு சக்கர வண்டியும் ஏன்?

கேள்வி இதுதான்: "தென் அமெரிக்காவிலேயே பெரிய ராணுவம் பிரேசிலுடையது. விமானமே தயாரித்து உலகத்துக்கு விற்கிற நாடு. ஆனால் அதன் தரைப்படை ஏன் 1970களின் கவச வண்டிகளையும் ஜெர்மனி கழித்துவிட்ட டாங்குகளையும் வைத்துக்கொண்டிருக்கிறது? அவர்களிடம் உண்மையில் என்னென்ன இருக்கின்றன?"

வெறும் பட்டியல் என்றால் பத்து வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் குழப்பத்தைத்தான் கூட்டும். இத்தாலிய நிறுவனம் பிரேசிலில் கட்டும் ஆறு சக்கர வண்டி, ஜெர்மன் டாங்க், வீரர்களை ஏற்றிப்போகும் அமெரிக்கக் கவச வண்டி எம்113, பெல்ஜியத் துப்பாக்கியின் உள்ளூர் வடிவம், முழுக்கச் சொந்தமான ராக்கெட் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். வரைபடத்திலிருந்து தொடங்கினால்தான் எல்லாம் ஒரு கோட்டில் வரும்.

பிரேசிலின் பரப்பு 85 லட்சம் சதுர கிலோமீட்டர். சிலி, ஈக்வடார் இரண்டையும் தவிர அந்தக் கண்டத்திலுள்ள எல்லா நாடுகளோடும் அதற்கு எல்லை உண்டு. நில எல்லையின் நீளம் கிட்டத்தட்ட 17,000 கி.மீ. வடக்கே அமேசான் காடு. அங்கே சாலையைவிட ஆறுதான் வழி. தெற்கே ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்தில் பாம்பாஸ் புல்வெளி. டாங்க் ஓட்டுவதற்கென்றே விரித்துப் போட்ட மாதிரியான நிலம். பக்கத்து நாட்டோடு பிரேசில் நடத்திய கடைசிப் பெரும்போர் 1864 முதல் 1870 வரை பராகுவேயுடன் நடந்தது. அதற்கப்புறம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ராணுவத் தலைமையகத்தின் மேஜையில் இருந்த திட்டமெல்லாம் அர்ஜென்டினாவோடு மோதல் வந்தால் என்ன செய்வது என்பதுதான். அதனால் கவசப் படையை முழுவதும் தெற்கே குவித்தார்கள். இன்றும் ஜெர்மன் டாங்கான லெபர்டை வைத்திருக்கும் ரெஜிமென்டுகள் ரியோ கிராண்டே டோ சுல், பரானா மாநிலங்களில்தான் இருக்கின்றன. 1980களில் இரண்டு நாடுகளும் சமாதானமாகி, அணு நிலையங்களைப் பரஸ்பரம் சோதித்துக்கொள்ள 1991இல் தனி அமைப்பே தொடங்கிவிட்டார்கள். டாங்குகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

எதிரியைவிடத் தூரம்தான் இந்த ராணுவத்துக்குப் பெரிய தலைவலி. சங்கிலிப் பட்டையில் ஓடும் டாங்க் நீண்ட தூரம் தானே ஓடினால் பட்டை தேயும், இன்ஜின் கெடும். ரயிலிலோ பெரிய டிரெய்லரிலோ ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். பாலங்களும் ரயில் பாதையும் அந்த எடையைத் தாங்க வேண்டும். சக்கர வண்டிக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. டீசல் ஊற்றினால் ஆயிரம் கி.மீ. தானே போய்ச் சேரும். பிரேசில் ராணுவம் இதை இரண்டாம் உலகப் போரில் நேரடியாகக் கற்றுக்கொண்டது.

1944இல் பிரேசில் சுமார் 25,000 வீரர்களை இத்தாலிக்கு அனுப்பியது. "பாம்பு சுருட்டுப் பிடிக்கும்போதுதான் பிரேசில் போருக்குப் போகும்" என்று ஊரில் கேலி பேசினார்கள். அந்த வீரர்கள் புகைபிடிக்கும் பாம்பையே தோள்பட்டைச் சின்னமாகத் தைத்துக்கொண்டார்கள். அவர்களின் உளவு ஸ்குவாட்ரன் ஓட்டியது அமெரிக்கா கொடுத்த எம்8 கிரேஹவுண்ட் என்ற ஆறு சக்கரக் கவச வண்டி. 1945 ஏப்ரலில் ஃபோர்னோவோ அருகே ஜெர்மனியின் 148ஆவது டிவிஷன் பிரேசில் படையிடம் சரணடைந்தபோது, முன்னால் போய் வழியை அடைத்தவர்களில் இந்த எம்8 ஆட்களும் உண்டு. போர் முடிந்து ஊருக்கு வந்தும் எம்8 ஓய்வு பெறவில்லை. இருபது ஆண்டுகள் ஓட்டினார்கள். உதிரி பாகம் கிடைக்காமல் போனபோது சாவ் பாவ்லோவில் இருந்த ராணுவப் பணிமனையின் பொறியாளர்கள் அதற்கு டீசல் இன்ஜின் பொருத்திப் பார்த்தார்கள். அப்புறம் புது உடலே வரைந்தார்கள்.

எஞ்ஜெசா என்ற நிறுவனம் கதைக்குள் வருவது இங்கேதான். லாரிகளின் எல்லாச் சக்கரங்களுக்கும் இழுவை கொடுக்கும் அமைப்புகளைச் செய்துகொண்டிருந்த சிவில் கம்பெனி அது. அவர்களுடைய பெரிய கண்டுபிடிப்புக்கு 'பூமராங்' என்று பெயர். பின்பக்கம் ஒரே பக்கத்தில் இருக்கும் இரண்டு சக்கரங்களையும் ஒரு கையால் இணைத்து, அந்தக் கை நடுவில் ஊசலாடும்படி வைத்தார்கள். கைக்குள்ளேயே பல்சக்கரங்கள் ஓடி இரண்டு சக்கரங்களையும் சுழற்றும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றொன்று தானாகப் பள்ளத்தில் அழுந்தும். எந்த நேரத்திலும் எல்லாச் சக்கரமும் தரையைப் பிடித்திருக்கும். எளிமையான ஏற்பாடு, பழுது பார்ப்பதும் சுலபம். மின்னணு எதுவும் இல்லாத காலத்தில் மோசமான பாதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரிந்து இல்லை.

ராணுவப் பணிமனையும் எஞ்ஜெசாவும் சேர்ந்த கூட்டணியில் பிறந்த வண்டிதான் ஈஈ-9 காஸ்கவெல். காஸ்கவெல் என்றால் போர்ச்சுகீசியத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு. முதல் மாதிரி 1970இல் ஓடியது. 1974இல் தொடர் உற்பத்தி. ராணுவம் வாங்கிய முதல் சில வண்டிகளுக்குப் பழைய எம்8இன் 37 மி.மீ. பீரங்கியையே கழற்றி மாட்டினார்கள். வீரர்கள் அவற்றை 'ஒல்லி காஸ்கவெல்' என்றும் பின்னால் 90 மி.மீ. பீரங்கியோடு வந்ததைக் 'குண்டு காஸ்கவெல்' என்றும் அழைத்தார்கள். எடை சுமார் 13 டன், மூன்று பேர் குழு, நல்ல சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகம். கவசத் தகடு இரண்டு அடுக்கு: வெளியே கடினமான எஃகு, உள்ளே உடையாமல் வளைந்துகொடுக்கும் எஃகு. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. துப்பாக்கிக் குண்டு, சிதறல் இவற்றைத் தாங்கும். எதிரில் நிஜ டாங்க் வந்தால் சுட்டுவிட்டு ஓட வேண்டியதுதான்; அந்த வண்டியின் வேலையும் அதுதான்.

இதைப் பிரேசில் மட்டும் ஓட்டவில்லை. லிபியா முதல் பெரிய வாடிக்கையாளர். 1977இல் எகிப்தோடு நடந்த எல்லைச் சண்டையில் காஸ்கவெல் முதல்முறையாகப் போர் பார்த்தது. அப்புறம் ஈராக் நிறைய வாங்கி ஈரானோடு நடந்த போரில் இறக்கியது. மொத்தம் 1,700க்கும் மேல் தயாரானது. அந்தக் காலத்தில் மூன்றாம் உலக நாடு ஒன்று இப்படியொரு வண்டியைத் தானே வடிவமைத்து இவ்வளவு விற்றது சாதாரணக் காரியமல்ல. விலை குறைவு, இன்ஜின் எங்கேயும் கிடைக்கும் டெட்ராய்ட் டீசல், ஒரு சாதாரண லாரி மெக்கானிக்கே சரி செய்துவிடுவார். ஐரோப்பிய வண்டிகளோடு போட்டி போட்டு அது வென்றதற்கு இவைதான் காரணம்.

அதே அடித்தளத்தில் வந்த தம்பி ஈஈ-11 உருத்து. இதுவும் ஒரு விஷப்பாம்பின் பெயர்தான். வீரர்களை ஏற்றிப்போகும் வண்டி, தண்ணீரில் மிதக்கும். 2004 முதல் 2017 வரை ஹைட்டியில் ஐ.நா. அமைதிப்படைக்குப் பிரேசில் தலைமை தாங்கியபோது, போர்ட்-ஓ-பிரின்ஸின் சித்தே சொலேய் சேரிச் சந்துகளில் வெள்ளை நிற உருத்துக்கள்தான் ஊர்ந்தன. மேலே நிற்கும் துப்பாக்கிக்காரருக்குச் சுற்றிலும் கவசம் இல்லாதது அங்கேதான் உறைத்தது. பிறகு தகடுகளால் கூடு கட்டினார்கள். பின்னால் வந்த வண்டிகளில் ஆளே வெளியே தலை நீட்டாமல் உள்ளிருந்து திரை பார்த்துச் சுடும் அமைப்பு வந்ததற்கு ஹைட்டி அனுபவமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு திறமை இருந்தும் ஏன் சொந்த டாங்க் இல்லை? இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனக்கும்.

எஞ்ஜெசா 1980களில் நிஜமாகவே ஒரு டாங்க் செய்தது. பெயர் ஓசோரியோ. பராகுவே போரின் தளபதியும் பிரேசில் குதிரைப்படையின் அடையாள நாயகராகக் கொண்டாடப்படுபவருமான ஜெனரல் மனுவெல் லூயிஸ் ஓசோரியோவின் பெயர். பீரங்கிக் கோபுரத்தை பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தார்கள். சென்னை ஆவடியில் தயாரான விஜயந்தா டாங்கும் விக்கர்ஸ் வடிவம்தான் என்பதால், நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது. ஜெர்மன் இன்ஜின், எண்ணெயும் வாயுவும் கொண்டு அதிர்வைத் தாங்கும் ஹைட்ரோநியூமேட்டிக் சஸ்பென்ஷன். ஒரு மாதிரியில் 105 மி.மீ. பீரங்கி, இன்னொன்றில் பிரெஞ்சு 120 மி.மீ. பீரங்கி. 1987இல் சவுதி அரேபியா பாலைவனத்தில் ஒரு போட்டிச் சோதனை நடத்தியது. அமெரிக்காவின் எம்1 ஏப்ரம்ஸ், பிரிட்டனின் சேலஞ்சர், பிரான்சின் ஏஎம்எக்ஸ்-40, அவற்றோடு ஓசோரியோ. கடைசிச் சுற்றில் நின்றவை இரண்டு: ஏப்ரம்ஸ், ஓசோரியோ. அதற்கு முன்னால் புதிதாக டாங்க் வடிவமைத்தே பழக்கமில்லாத ஒரு கம்பெனி அமெரிக்காவோடு சமமாக நின்றது. சவுதிக்காக 'அல் ஃபகத்' என்று பெயர்கூட வைத்தாயிற்று.

கையெழுத்து மட்டும் விழவில்லை. 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. சவுதிக்கு அமெரிக்கப் பாதுகாப்பு உயிர்ப் பிரச்சினையானது. வாங்கியது எம்1ஏ2 ஏப்ரம்ஸ். எஞ்ஜெசாவுக்கு ஈராக்கிடமிருந்து வர வேண்டிய பணமும் வரவில்லை. 1993இல் கம்பெனி திவால். பிரேசில் ராணுவம் ஓசோரியோவில் ஒன்றுகூட வாங்கியதில்லை. காரணம் கேட்டால் இருவகையில் சொல்வார்கள். ஒன்று, பணமில்லை, அப்போது பிரேசிலில் விலைவாசி தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்தது. மற்றது, 40 டன்னுக்கும் மேலான டாங்க் தன் பாலங்களுக்கும் ரயில் வண்டிகளுக்கும் ஒத்துவராது என்று ராணுவம் நினைத்தது. ராணுவம் தன் பங்குக்கு பெர்னார்டினி நிறுவனத்தோடு 30 டன் எடையில் டமோயோ என்ற டாங்கை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதுவும் மாதிரிகளோடு நின்றது. ஆகக்கூடி ஒரே நாட்டில் ஒரே நேரத்தில் இரண்டு டாங்க் திட்டங்கள், இரண்டும் மாண்டன. இதில் ராணுவத்தின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். தன் நாட்டு ராணுவமே வாங்காத டாங்கை வெளிநாட்டுக்காரன் எந்த நம்பிக்கையில் வாங்குவான்?

எடைக்குப் பயந்து ஓசோரியோவை ஒதுக்கிய அதே ராணுவம், சில ஆண்டுகளில் 42 டன் லெபர்டையும் அதைவிடக் கனமான எம்60ஐயும் வாங்கியது. 1990களில் பெல்ஜியத்திடமிருந்து 128 லெபர்ட் 1, அமெரிக்காவிடமிருந்து 91 எம்60ஏ3. பின்பு 2006இல் ஜெர்மனியோடு ஒப்பந்தம் போட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட லெபர்ட் 1ஏ5 வந்து சேர்ந்தன. கேள்வியில் குறிப்பிட்ட 'ஜெர்மனி கழித்துவிட்ட டாங்க்' இதுதான். ஜெர்மனி லெபர்ட் 1ஐ 2003இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

லெபர்ட் 1 மோசமான வண்டி அல்ல. அதன் வடிவம் 1960களின் எண்ணத்தில் பிறந்தது: எந்தக் கவசத்தையும் துளைக்கும் குண்டுகள் வந்துவிட்டன, அதனால் கவசத்தைக் குறை, வேகத்தைக் கூட்டு. மணிக்கு 65 கி.மீ. ஓடும். 105 மி.மீ. பீரங்கி. 1ஏ5 வகையில் இரவிலும் புகையிலும் வெப்பத்தை வைத்து இலக்கைப் பார்க்கும் கண்ணாடியும், ஓடிக்கொண்டே குறிபார்க்க உதவும் கணினியும் உண்டு. தென் அமெரிக்காவில் அண்டை வீட்டுக்காரர்களின் டாங்குகளோடு ஒப்பிட்டால் சமாளிக்கும். சிலி வைத்திருக்கும் லெபர்ட் 2ஏ4 முன்னால் சமாளிக்காது. ஆனால் சிலியோடு பிரேசிலுக்கு எல்லையே இல்லை. உண்மையான கவலை டிரோனும் மேலிருந்து தாக்கும் ஏவுகணையும். உக்ரைன் போர்க்களத்தில் லெபர்ட் 1ஏ5கள் இறங்கி, அந்த மெல்லிய கவசத்தின் கதி என்ன என்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டன.

உக்ரைன் என்றதும் இன்னொன்று. 2023 ஜனவரியில் ஜெர்மன் சான்ஸலர் ஷோல்ஸ் பிரேசிலுக்குப் போனபோது, அதிபர் லூலா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: இந்தப் போரில் பயன்படுத்த பிரேசில் குண்டுகள் தராது. லெபர்ட் 1க்கான 105 மி.மீ. குண்டுகள் பிரேசிலிடம் கையிருப்பில் இருந்ததால்தான் பேச்சு அங்கே போனது. கால்பந்து உலகக்கோப்பையையும் ஒலிம்பிக்ஸையும் மனதில் வைத்து 2013இல் ஜெர்மனியிடமிருந்து வாங்கிய கெபார்ட் விமான எதிர்ப்புக் கவச வண்டிகள் 34ம் இதே குடும்பம்தான். அதே லெபர்ட் 1 அடித்தளத்தின் மேல் இரட்டை 35 மி.மீ. பீரங்கி. டிரோன் விழுங்குவதில் கெபார்ட் எவ்வளவு கெட்டி என்று உக்ரைனில் தெரிந்தபிறகு, பிரேசில் செய்த நல்ல கொள்முதல்களில் ஒன்று இது என்று துணிந்து சொல்வேன்.

இப்போது புதியவை. ராணுவம் உருத்துக்குப் பதிலாகக் குவரானி என்ற ஆறு சக்கர வண்டியை இத்தாலிய இவேகோவோடு சேர்ந்து உருவாக்கியது. தொழிற்சாலை மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தின் செட்டே லகோவாஸில். 2009இல் போட்ட ஒப்பந்தம் இருபது ஆண்டுகளில் 2,044 வண்டிகளுக்கானது. பட்ஜெட் வெட்டுகளால் அட்டவணை இழுத்துக்கொண்டே போகிறது. சுமார் 18 டன், 383 குதிரைத்திறன், பதினோரு பேர் ஏறலாம், நீந்தும். கண்ணிவெடியைத் தாங்கும் அடிப்பகுதி உருத்துவில் இல்லாதது, இதில் உண்டு. 2014இல் முதல் வண்டிகள் போய்ச் சேர்ந்தது பரானா மாநிலத்தில் இருக்கும் காஸ்கவெல் என்ற ஊருக்கு. ஆமாம், ஊரின் பெயரும் காஸ்கவெல்தான். முதலில் இது கேட்டு நானே குழம்பினேன்.

அதே செட்டே லகோவாஸ் வழியாக நான்கு சக்கரக் கவச ஜீப் ஒன்றும் வருகிறது. இவேகோவின் எல்எம்வி, பிரேசிலில் 'குவைகுரூஸ்' என்று பெயர். குதிரையேறிப் போர் செய்வதில் பேர்போன பழங்குடி அவர்கள். 2022 டிசம்பரில் இத்தாலியின் சென்டாரோ 2க்கு ஒப்பந்தம் ஆனது: எட்டுச் சக்கரத்தின் மேல் 120 மி.மீ. டாங்க் பீரங்கி, 98 வண்டிகள். காஸ்கவெல்லின் இடத்தை எடுக்க வேண்டியது இதுதான். ஆனால் ராணுவம் காஸ்கவெல்லை இன்னும் விடவில்லை. ஒரு பகுதிக்குப் புது இன்ஜின், மின்சாரத்தில் சுழலும் கோபுரம், டாங்க் எதிர்ப்பு ஏவுகணை எல்லாம் பொருத்தி மறுபிறவி கொடுக்கும் வேலை நடக்கிறது. அந்த ஏவுகணை உள்நாட்டுத் தயாரிப்பு; மாக்ஸ் என்று பெயர். 1945 ஏப்ரலில் இத்தாலியில் ரோந்துக்குப் போய் உயிர்விட்ட சார்ஜென்ட் மாக்ஸ் வொல்ஃப் நினைவாக. ஐம்பது வயது வண்டியில் அவர் பெயர் தாங்கிய ஏவுகணையை ஏற்றுவது எனக்குப் பிடித்த விஷயம்.

எம்113ஐப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உலகில் பாதி ராணுவங்களிடம் இருக்கும் அதே அலுமினியப் பெட்டி. நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, குரிட்டிபா பணிமனையில் இன்ஜின் மாற்றிப் புதுப்பித்தார்கள். ஜீப் வேலைக்கு உள்நாட்டு அக்ராலே மார்ருவா. அது எஞ்ஜெசா செய்த ஜீப்பின் வாரிசு. கம்பெனி செத்தும் ஜீப் பிழைத்தது.

துப்பாக்கிக்கு வருவோம். பிரேசில் 1964இல் பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கியை ஏற்றது; அதனால் பெயர் எம்964. மினாஸ் ஜெரைஸின் இட்டாஜுபா ஊரில் அரசு நிறுவனமான இம்பெல் இதைத் தயாரித்தது. இந்திய ராணுவமும் காவல்துறையும் பல பத்தாண்டுகள் தூக்கிய எஸ்எல்ஆர் இதே குடும்பம்தான். ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 1ஏ1. தோளில் உதைக்கும், கனமானது, ஆனால் நின்று வேலை செய்யும் என்று நம் ஊர் முன்னாள் ராணுவத்தார் சொல்வதை அங்கேயும் அப்படியே சொல்கிறார்கள். அமேசான் படைப்பிரிவுகளில் பின்கட்டை மடியும் 'பாராஃபால்' வகையை விட மனமில்லாமல் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 7.62 மி.மீ. குண்டு செடிகொடியைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும், சின்ன 5.56 மி.மீ. குண்டு இலை தட்டியே திசை மாறும் என்பது காட்டில் இருப்பவர்களின் வாதம்.

இதற்குப் பதிலாக இம்பெல்லே செய்ததுதான் ஐஏ2. 5.56, 7.62 இரண்டிலும் வருகிறது. புதுத் துப்பாக்கிகள் மெதுவாகத்தான் படையணிகளுக்குப் போகின்றன. பழைய எஃப்ஏஎல் இன்னும் பல முகாம்களில் நிற்கிறது. இயந்திரத் துப்பாக்கியாக பெல்ஜிய எம்ஏஜியும் அமெரிக்க .50 பிரவுனிங்கும். பிரவுனிங் என்றதும் 2023 சம்பவம் நினைவுக்கு வருகிறது. சாவ் பாவ்லோ அருகே பருவேரியில் ராணுவத்தின் ஆயுதச் சாலையிலிருந்தே 13 .50 துப்பாக்கிகளும் 8 7.62 துப்பாக்கிகளும் காணாமல் போயின. நூற்றுக்கணக்கான வீரர்களை முகாமை விட்டு வெளியே விடாமல் விசாரித்தார்கள், பெரும்பாலானவை மீட்கப்பட்டன. ரியோ குன்றுகளில் போதைக் கும்பல்கள் கையில் ராணுவ ரகத் துப்பாக்கிகள் புழங்கும் நாட்டில், இது எவ்வளவு பயங்கரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

காட்டுப் படை தனி உலகம். மனௌஸ் நகரில் 1964இல் தொடங்கிய காட்டுப்போர்ப் பயிற்சி மையம் உலகப் புகழ் பெற்றது. வெளிநாட்டு வீரர்களும் போய்க் கற்கிறார்கள். அங்கே வணக்கம், சரி, புரிந்தது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: "செல்வா!" போர்ச்சுகீசியத்தில் காடு என்று பொருள். டாங்குக்கு அங்கே வேலையே இல்லை. வெளியில் இன்ஜின் மாட்டிய அலுமினியப் படகு, கத்தி, ஹெலிகாப்டர், இவைதான் ஆயுதம். 1941இல் விமானப்படை தனியாகப் பிரிந்தபோது தரைப்படை தன் விமானங்களை இழந்தது. 1986இல்தான் மறுபடி சொந்த ஹெலிகாப்டர் பிரிவு வந்தது. பிளாக் ஹாக்கும், துப்பாக்கி செய்யும் அதே இட்டாஜுபாவில் ஹெலிபிராஸ் ஆலை கட்டும் எச்225எம்மும் எல்லைச் சாவடிகளுக்கு ஆளையும் அரிசியையும் இறக்குகின்றன. அமேசான் முகத்துவாரத்தில் மராஜோ தீவில் எருமை மேல் ஏறியே ரோந்து போகிறார்கள். அது ராணுவமல்ல, மாநிலக் காவல்துறை. ஆனால் பிரேசில் எருமைகளில் முர்ரா, ஜாஃபராபாதி இனங்கள் நம் நாட்டிலிருந்து போனவை என்பதால் சொல்லாமல் விட முடியவில்லை.

பீரங்கிப் படையில் கலவை அதிகம்: பழைய அமெரிக்க 105 மி.மீ. எம்101, பிரிட்டிஷ் லைட் கன், சங்கிலிப் பட்டையில் ஓடும் எம்109. 2024இல் லாரி மேல் பொருத்திய 155 மி.மீ. பீரங்கிக்கு இஸ்ரேலின் ஆட்மோஸைத் தேர்ந்தெடுத்தார்கள், 36 வண்டிகள். காசா போரை ஒட்டிய அரசியலில் கையெழுத்து நின்றுபோனது.

ஆனால் பிரேசிலின் உண்மையான பெருமை ஆஸ்ட்ரோஸ் என்ற ராக்கெட் ஏவும் லாரி. அதைச் செய்தது அவிப்ராஸ் என்ற நிறுவனம்; சாவ் ஜோசே டாஸ் காம்போஸ் வட்டாரத்தில் 1961இல் பொறியாளர்கள் சிலர் தொடங்கியது. ஒரே லாரி, ஒரே ஏவுபெட்டி. உள்ளே மட்டும் ராக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். 127 மி.மீ. சிறிய ராக்கெட் என்றால் 32, 180 மி.மீ. என்றால் 16, 300 மி.மீ. பெரியது என்றால் 4. அந்தக் காலத்தில் மற்ற நாடுகள் ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் தனி வண்டி வைத்திருந்தன. ஈராக், சவுதி இரண்டுமே வாங்கின. 1991 வளைகுடாப் போரில் இரண்டு பக்கமும் ஒரே தயாரிப்பு இருந்தது. மலேசியாவும் இந்தோனேசியாவும் இன்றும் வைத்திருக்கின்றன. பிரேசில் தன் ஆஸ்ட்ரோஸ் படையை கோயாஸ் மாநிலத்தின் ஃபொர்மோசாவில், தலைநகர் பிரசீலியாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. 300 கி.மீ. போகும் க்ரூஸ் ஏவுகணையையும் இதே லாரியிலிருந்து ஏவத் திட்டம்.

அந்த அவிப்ராஸ் 2022 மார்ச்சில் கடன் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. சம்பளம் வராத தொழிலாளர்கள் அதே ஆண்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எஞ்ஜெசாவுக்கு நடந்தது முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி கண்முன் நடக்கிறது. நோயும் அதேதான்: வெளிநாட்டு ஆர்டர் வந்தால் வாழ்வு, வராத ஆண்டில் சாவு, உள்நாட்டு ராணுவம் சிறிதாகவேனும் ஆண்டுதோறும் வாங்கிக் காப்பாற்றுவதில்லை. ராணுவ பட்ஜெட்டில் பெரும் பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போய்விடுகிறது; வண்டி வாங்க மிஞ்சுவது சொற்பம். பழைய வண்டிகள் ஏன் ஓடுகின்றன என்ற கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான். இப்போதும் லெபர்டுக்கு மாற்று தேடுகிறார்கள். அதில் ஆலையோடும் வடிவத்தோடும் எவ்வளவு பிரேசிலுக்குள் வரும் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, இத்தனையிலும் நிஜ நெருக்கடியில் எது நகர்ந்தது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் வெனிசுவேலா, கயானாவின் எஸ்ஸெகிபோ பகுதி தனக்கே என்று வாக்கெடுப்பு நடத்தியது. வெனிசுவேலாவிலிருந்து கயானாவுக்கு வண்டி போகிற மாதிரி வழி என்றால் அது பிரேசிலின் ரொரைமா மாநிலத்தைத் தொட்டுக்கொண்டுதான் போக வேண்டும். பிரேசில் உடனே ரொரைமாவின் தலைநகர் போவா விஸ்டாவில் இருந்த குதிரைப்படை ஸ்குவாட்ரனை ரெஜிமென்டாகப் பெரிதாக்கி, 28 கவச வண்டிகளை அனுப்பியது. நாட்டின் மறுகோடியிலிருந்து லாரிகளில் ஏற்றி, சாலை முடியும் இடத்தில் ஆற்றுப் படகில் மாற்றி, மனௌஸிலிருந்து மறுபடி சாலையில் வடக்கே. வாரக்கணக்கில் ஆன பயணம். போய்ச் சேர்ந்தவை குவைகுரூஸ், குவரானி, அவற்றோடு ஆறு காஸ்கவெல். லெபர்ட் ஒன்றுகூடத் தெற்கை விட்டு அசையவில்லை.